மேல்துணியின் குறையை லாங் ஆர்ம் மறைக்குமா? – வாசகர் கேள்வி-பதில்

(துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியைத் தாமே தைத்துவிட்டு, அதைப் பஞ்சுவிரிப்பு, அடித்துணி ஆகியவற்றோடு சேர்த்துத் தைத்துக் குயில்ட் என்னும் மூன்றடுக்குப் போர்வையாக முடித்துத்தரும் வேலையை (குயில்டிங்) மட்டும் லாங் ஆர்ம் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலான வழக்கம். அங்கு வாழும் வாசகியர் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒஹையோ மாநிலத்தில் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் இத்தொழிலை நடத்திவரும் வாசகி ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: மேல்துணிக்கு 90 டாலருக்குத் துணி வாங்கினேன். அதை முடித்துத்தர 120 டாலர் கேட்கிறார்கள். வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே முடித்துவிட முடியாதா? – ஒரு வாசகி, டாலஸ்

பதில்: முடியும், பலர் முடிக்கிறார்கள். ஆனால் வீட்டு இயந்திரத்தில் ஊசிக்கும் அதன் வலப்பக்கத் தூணுக்கும் இடையே சாதாரணமாக ஏழெட்டு அங்குல இடம்தான் இருக்கும். கட்டில் அளவுப் போர்வையைப் பாயைப் போலச் சுருட்டி, அந்த இடுக்கில் நுழைத்து, தோள் வலிக்கத் தள்ளித் தள்ளித் தைக்க வேண்டும். லாங் ஆர்மில் அந்த இடைவெளி 18 அங்குலத்திலிருந்து 30 அங்குலம் வரை இருக்கும். அதைவிடப் பெரிய வேறுபாடு, அங்கே துணி நகர்வதில்லை என்பது. பத்து, பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தின் உருளைகளில் துணி விறைப்பாக நிற்க, இயந்திரத்தின் தலைப்பகுதி சக்கரங்களில் ஓடி அதன்மேல் கோலம் போடுவதுபோல் தைத்துக்கொண்டு போகும்.

கூலியைப் பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில் சொல்வார்கள். உங்கள் போர்வை 60 அங்குலத்துக்கு 80 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 4800 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு இரண்டரை சென்ட் என்றால் 120 டாலர் வருகிறது. ஒரே வடிவம் விளிம்பிலிருந்து விளிம்பு வரை திரும்பத் திரும்ப வரும் தையலுக்கு இது நியாயமான கூலிதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி வடிவம் கேட்டால் இது இரண்டு மடங்காகவோ அதற்கு மேலாகவோ ஆகும். பஞ்சுவிரிப்பின் விலையும் நூலின் விலையும் அதில் அடங்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். (பஞ்சுவிரிப்பைக் கடையில் 'பேட்டிங்' என்று கேட்க வேண்டும். புதிதாக வந்தபோது நான் கிரிக்கெட்டை நினைத்துச் சிரித்துவிட்டேன். கடைக்காரருக்குக் காரணம் விளங்கவில்லை.)

கேள்வி: நான் கொடுத்த மேல்துணியை, 'ஓரப்பட்டை அலை அலையாக இருக்கிறது, திருத்தித் தாருங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தைக்கும்போது அது சரியாகிவிடாதா? சின்னக் குறைக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையா? – ஒரு வாசகி, மிசிசாகா

பதில்: அவர் உங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறார். நம் ஊர்த் தையற்கடையில் 'இஸ்திரி போட்டால் சரியாகிவிடும்' என்பார்களே, அதைப் போலவே இங்குள்ளவர்களும் 'குயில்டிங்கில் சரியாகிவிடும்' என்று ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி என்னிடம் வந்த மேல்துணிகளே என்னை அதிகம் வருத்தியிருக்கின்றன.

மேல்துணியின் நடுப்பகுதி 80 அங்குல நீளமும் இரு ஓரங்களும் 82 அங்குல நீளமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிகமாக உள்ள இரண்டு அங்குலம் எங்கேயும் மறைந்துவிடாது. உருளையில் சுற்றும்போது நடுப்பகுதி விறைத்து நிற்க, ஓரங்கள் தொய்ந்து தொங்கும். ஊசி ஓடும்போது அந்தத் தொய்வு முன்னால் தள்ளப்பட்டுக்கொண்டே போய், ஓர் இடத்தில் கொசுவமாக மடிந்து தைபட்டுவிடும். அரை அங்குலத் தொய்வு என்றால் நீராவி இஸ்திரியாலும் சற்றுத் தடித்த பஞ்சுவிரிப்பாலும் அதை உள்வாங்கச் செய்யலாம், நான் செய்திருக்கிறேன். இரண்டு அங்குலத்துக்கு வழியே இல்லை.

இந்தக் குறை பெரும்பாலும் ஒரே பழக்கத்தால் வருகிறது. நீளமான பட்டை ஒன்றை ஓரத்தில் வைத்து அளக்காமல் தைத்துக்கொண்டே போய், முடிவில் மிஞ்சியதை வெட்டிவிடுகிறோம். ஊசிக்கு அடியில் துணியை நகர்த்தும் இயந்திரப் பல்லோ கீழே உள்ள துணியை மேலே உள்ளதைவிடச் சற்று வேகமாக இழுக்கும். துண்டுகளை இணைத்த ஓரமும் கையாளக் கையாள நீண்டுகொடுக்கும். ஆகவே பழைய பட்டைகளைப் பிரித்துவிட்டு, மேல்துணியின் நீளத்தை நடுவில் ஒருமுறையும் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு முறையும் அளந்து, மூன்றின் சராசரிக்கு இரண்டு பட்டைகளையும் ஒரே அளவாக வெட்டுங்கள். முதலில் இரு முனைகளையும், அடுத்து நடுவையும், பிறகு இடைப்பட்ட இடங்களையும் குண்டூசியால் பிணைத்துக்கொண்டு, எந்தத் துணி சற்று நீளமாக இருக்கிறதோ அது அடியில் வரும்படி வைத்துத் தையுங்கள். பக்கப் பட்டைகள் முடிந்தபிறகு மேல், கீழ்ப் பட்டைகளுக்கு இதே போல் அகலத்தை அளக்க வேண்டும். முடித்ததும் தரையில் விரித்துப் பாருங்கள். கையால் நீவிவிடாமல் ஓரம் தானாகப் படிந்து கிடந்தால் கொடுத்துவிடலாம். இது ஒரு மாலை வேலை. குயில்டிங் முடிந்தபிறகு கொசுவத்தைப் பிரிப்பதென்றால் நாட்கணக்கில் ஆகும்.

கேள்வி: கொடுப்பதற்கு முன் மூன்று அடுக்குகளையும் குண்டூசியால் சேர்த்து வைக்கலாமா? – ஒரு வாசகி, சான் ஹோசே

பதில்: வேண்டாம். மேல்துணியும் அடித்துணியும் தனித்தனி உருளையில் ஏறும், பஞ்சுவிரிப்பு இடையில் வந்து சேரும் என்பதால், நீங்கள் பிணைத்து அனுப்பினால் எல்லா ஊசிகளையும் நாங்கள் உட்கார்ந்து எடுக்க வேண்டும். அடித்துணியை நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக வைத்தால் போதும். 60க்கு 80 போர்வைக்கு 68க்கு 88. பக்கங்களில் கவ்விகள் மாட்டவும், நூலின் இழுவையைச் சோதித்துப் பார்க்கவும் அந்த இடம் தேவைப்படும். அடித்துணியில் இணைப்பு இருந்தால் அது குறுக்காகச் செல்வது நல்லது. நெடுக்காகச் சென்றால் உருளையில் ஒரே இடத்தில் தையல் தடித்துக்கொண்டே வந்து நடுப்பகுதி மட்டும் இறுகிவிடும். நன்றாக இஸ்திரி போட்டு, மடிப்பில்லாமல் அனுப்புங்கள். அடித்துணியின் ஓரம் உள்ளே மடிந்திருந்ததைக் கவனிக்காமல் நானே ஒருமுறை 14 அங்குலம் தைத்துவிட்டேன். அங்குலத்துக்குப் பத்துத் தையல் வீதம் வளைந்து வளைந்து ஓடிய கோடுகளைப் பிரித்து முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. அது என் பிழை என்பதால் கூலி கேட்கவில்லை.

கேள்வி: மறைந்த என் தாயாரின் பன்னிரண்டு சேலைகள் என்னிடம் இருக்கின்றன. பாதி காஞ்சிபுரம் பட்டு, பாதி சுங்குடி. குயில்ட் செய்து தருமாறு கேட்டால் இங்கே இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். ஏன்? – ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சேலை என்ற துணியைக் கையாண்டு பழகாதவர்கள் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். குயில்ட்டுக்கென்று இங்கே விற்கும் பருத்தித் துணி ஓரளவு கெட்டியானது. பெரும்பாலும் எல்லாத் துணியும் ஒரே கனத்தில் வரும். உங்களிடமுள்ளதோ இரண்டு வெவ்வேறு இயல்புள்ள துணி. துவைத்துத் துவைத்து மெலிந்த சுங்குடி கவ்வியில் மாட்டினால் இழுபட்டுக் கோணும். பட்டில் ஊசி குத்திய துளை மறையாது.

சரிகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அசல் சரிகை, பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல் ஓடும் ஊசி அந்த உலோகத்தில் மோதினால் ஊசி முனை மழுங்கும், நூல் நைந்து அறும், சரிகையும் பிரிந்து நூல்நூலாக நிற்கும். பட்டின் கரையையும் முந்தியையும் துண்டு போடாமல் தனியே எடுத்து, போர்வையின் ஓரத்தில் அகலப் பட்டையாக வைத்து, அதன்மேல் தையல் ஓடாமல் விளிம்பையொட்டி மட்டும் தைக்கச் சொல்லுங்கள். பஞ்சுவிரிப்பின் உறையில், தையல் கோடுகளுக்கு இடையே எத்தனை அங்குலம் வரை இடைவெளி விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். எட்டு அல்லது பத்து அங்குலம் வரை தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கினால் கரையைத் தொடாமல் விடுவது எளிது.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டில் விட்டிருக்கும். அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சுங்குடியில் ஈர வெள்ளைத் துணியைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதியுங்கள். இரண்டு வகைக்கும் பின்புறம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய ஒட்டுத்துணியை ஒட்டி, அதன்பிறகு வெட்டினால் கனம் சமமாகிவிடும். என் கருத்தில், பட்டுக்கு ஒன்றும் பருத்திக்கு ஒன்றுமாக இரண்டு சிறிய போர்வைகள் செய்வதே மேல். ஒன்றைத் துவைக்கலாம், மற்றதைத் துவைக்க முடியாது. அடித்துணிக்குச் சேலை வேண்டாம். பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் வங்காளத்துக் காந்தா முறை அழகானதுதான், ஆனால் அது கையின் மென்மையை நம்பிய வேலை; கவ்வி போட்டு இழுக்கும் சட்டத்துக்கு ஆகாது.

உங்களுக்கு மறுத்தவர்களிடமே, ஒட்டுத்துணி ஒட்டிய மாதிரித் துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டிப் பாருங்கள். பட்டு என்று சொன்னதும் மறுப்பவர், துண்டைத் தொட்டுப் பார்த்தபின் ஒப்புக்கொள்வதுண்டு.

கேள்வி: மேல்துணி என்னுடையது, குயில்டிங் வேறொருவருடையது. கண்காட்சிக்கு அனுப்பினால் அதை என் குயில்ட் என்று சொல்லலாமா? – ஒரு வாசகி, சிகாகோ

பதில்: இரண்டு பெயர்களையும் சொல்ல வேண்டும். பெரிய கண்காட்சிகளில் இருவர் சேர்ந்து செய்தவற்றுக்கென்று தனிப் பிரிவு உண்டு. விண்ணப்பத்திலும் தைத்தவர், குயில்டிங் செய்தவர் என்று இரண்டு பெயர்கள் கேட்பார்கள். இயந்திரத் தையலே தாழ்ந்தது என்ற எண்ணம் ஒருகாலத்தில் இருந்தது. கென்டக்கி மாநிலத்துப் படூக்காவில் அமெரிக்கக் குயில்ட்டர் சங்கம் நடத்தும் கண்காட்சியில், 1989இல் கேரில் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தில் தைத்த, சூரிய கிரகணத்தைக் காட்டும் குயில்ட் முதற்பரிசு பெற்றது. இயந்திரத்தில் குயில்டிங் செய்த படைப்பு அங்கே அப்பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. இப்போது அந்த வாதம் அடங்கிவிட்டது. யார் செய்தது என்பதை மறைப்பதுதான் குற்றமாகக் கருதப்படுகிறது.

கண்காட்சிக்குப் போகாத போர்வையிலும் பெயர்ச்சீட்டு இருக்கட்டும். இரண்டு பெயர்கள், ஊர், ஆண்டு ஆகியவற்றை அழியாத மையால் பருத்தித் துண்டில் எழுதி, அடித்துணியின் கீழ்மூலையில் ஓரத்திலிருந்து ஏழெட்டு அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, அதன்பிறகு எங்களிடம் கொடுங்கள். கூடுதலாக விட்ட நான்கு அங்குலமும் பிறகு வெட்டப்படும் என்பதால் அந்தத் தூரம் தேவை. குயில்டிங் கோடுகள் சீட்டின்மேலும் ஓடிவிடுவதால், போர்வையைச் சிதைக்காமல் அதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது.