தாழ்ப்பாளுக்கு வெளியே உள்ள இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் அலுவலகம் அண்மையில் புதிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறைதான். பெரிய கூடம், ஒரு பக்கம் ஆறு தடுப்பறைகள், எதிரே நீளக் கண்ணாடியும் வாஷ்பேசின்களும். தடுப்புகள் தரையையும் தொடவில்லை, கூரையையும் தொடவில்லை. மூலையில் ஒரு மறைப்புக்குப் பின்னால் ஆண்களுக்கான யூரினல்கள் இருக்கின்றன. நிர்வாகத்திடம் கேட்டதற்கு, “இப்போது எல்லா நாட்டிலும் யூனிசெக்ஸ் டாய்லெட்தான், பெண்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை, திருநங்கைகளுக்கும் இதுதான் நல்லது” என்றார்கள். உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர், “வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாத்ரூம்தானே அக்கா, ரயிலிலும் அப்படித்தானே” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் காலையில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். மாதவிடாய் நாட்களில் பக்கத்திலுள்ள உணவகத்துக்குப் போய் வருகிறேன். என் கூச்சம் வெறும் பழைய பழக்கமா, அல்லது இதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

நியாயம் இருக்கிறது. உங்களுடன் வேலை செய்யும் தம்பி கேட்டதும் நேர்மையான கேள்விதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டுக் குளியலறை நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய தனி அறை. ரயில் பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள கழிப்பறைகளும் அப்படித்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் ஒருவர் மட்டுமே, வேறொருவர் அந்த அறைக்குள் நிற்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. உங்கள் அலுவலகத்தில் இருப்பது அதுவல்ல. அங்கே அறை என்பது அந்தப் பெரிய கூடம்தான், தடுப்பறைகள் அதற்குள் நிறுத்திய மறைப்புகள் மட்டுமே. கூடத்துக்குள் யாரும் வரலாம், எவ்வளவு நேரமும் நிற்கலாம். இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறுவதால்தான் ‘வீட்டில் அப்படித்தானே’ என்ற வாதம் வலுவானதாகத் தோன்றுகிறது.

ரயிலைக்கூட நல்ல உதாரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவில் வாசலோரம் நின்று பேசிக்கொண்டிருக்கும் ஆண்களைத் தாண்டிப் போக வேண்டுமே என்று விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும் பெண்களை ஒவ்வொரு பெட்டியிலும் பார்க்கலாம். நின்றுகொண்டு சிறுநீர் கழித்தவர் நனைத்துவிட்டுப் போன இருக்கையில் அடுத்து உட்கார வேண்டியவள் பெண். அங்கே வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்பதற்காக, வழியிருக்கும் இடத்திலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகாது.

இதைச் சட்டமே பிரித்துப் பார்த்திருக்கிறது. பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுப் பணியிட விதிகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு கழிப்பிடமும் உள்ளிருந்து தாழிடக்கூடிய தனி அறையாக இருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகள், குடியிருப்பு அல்லாத புதிய கட்டடங்களில் ஆண், பெண் கழிப்பறைகளைத் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்றும், இடம் இருந்தால் அவற்றோடு கூடுதலாக, வாஷ்பேசினையும் உள்ளடக்கிய முழுமையான தனி அறைகளை எல்லோருக்கும் பொதுவாக அமைக்கலாம் என்றும் சொல்கின்றன. ‘எல்லா நாட்டிலும் இப்படித்தான்’ என்று உங்களிடம் சொன்னவர்கள் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

கழிப்பறைக்குப் போவதென்றால் ஒரு நிமிட வேலை என்று நினைப்பவர்கள் இந்தக் கூடங்களை வடிவமைக்கிறார்கள். பெண்ணுக்கு அங்கே என்னென்ன வேலை இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது பேசப்படுவதே இல்லை. சுடிதார் என்றால் துப்பட்டாவை மாட்ட ஒரு கொக்கி வேண்டும், கொக்கி இல்லாத இடத்தில் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பேண்ட்டின் கால்பகுதி ஈரத்தரையில் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். புடவை என்றால் இன்னும் கடினம். மாதவிடாய் நாட்களில் நாப்கின் உறையைக் கிழிக்கும் சத்தம் பக்கத்துத் தடுப்பறைக்குக் கேட்கும் என்று, யாராவது ஃப்ளஷ் செய்யும்வரை கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு. பயன்படுத்திய நாப்கினைப் போடும் கூடை உள்ளே இல்லாமல் வெளியே வாஷ்பேசினுக்குக் கீழே இருந்தால், காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு தன் மேலாளரையும் சக ஊழியர்களையும் கடந்து நடக்க வேண்டும். மாதவிடாய்க் கிண்ணம் பயன்படுத்துபவருக்கு அதைக் கழுவ உள்ளேயே தண்ணீர்க்குழாய் வேண்டும். உடையில் கறை பட்டுவிட்டால் அதை அலசும் இடம் அந்த வாஷ்பேசின்தான். பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை இருக்கும்போது, தாழ்ப்பாளுக்கு வெளியே உள்ள அந்த இடமும் பெண்களுடையதாக இருக்கிறது. அறிமுகமில்லாத ஒருத்தியிடம் நாப்கின் கேட்கலாம், ‘பின்னால் கொஞ்சம் பாருங்கள்’ என்று சொல்லலாம், அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம். இருபாலருக்கும் பொதுவாக்கும்போது முதலில் போவது அந்த வெளியிடம்தான். நீங்கள் உணவகத்துக்கு நடக்கிறீர்களே, உங்கள் கால்கள் தேடிப் போவது அதைத்தான்.

கூச்சம் ஒருபுறம் இருக்க, பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 2016 மே 17 அன்று பின்னிரவில் தென்கொரியத் தலைநகர் சோலில், கங்னம் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு கட்டடத்தின் இருபாலர் கழிப்பறையில் ஓர் இளம்பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் அவருக்கு முன்பின் தெரியாதவன். அவன் அங்கே அரைமணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தான். அந்த நேரத்தில் ஆறு ஆண்கள் வந்து போனார்கள், அவர்களை அவன் ஒன்றும் செய்யவில்லை. பெண்கள் தன்னை மதிக்கவில்லை என்பதே அவன் சொன்ன காரணம். அவனுக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. நிலையத்தின் பத்தாம் எண் வாயிலில் பெண்கள் வந்து வந்து ஒட்டிய சிறு காகிதங்கள் அந்தச் சுவரையே மூடின. அதன்பின் ஆண், பெண் கழிப்பறைகளைப் பிரிக்கும் நடவடிக்கைகளை அரசு அறிவித்தது.

இருபாலர் கழிப்பறை இருந்ததால்தான் கொலை நடந்தது என்று நான் சொல்லவில்லை. பெண்களை வெறுப்பவன் வேறு இடத்தையும் தேடியிருப்பான். ஆனால் அந்த ஆறு ஆண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கும் அங்கே நின்றவனைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை, ஏனென்றால் அது அவனும் நிற்கக்கூடிய இடம். பெண்கள் கழிப்பறைக்குள் ஓர் ஆண் நின்றால் முதலில் பார்ப்பவரே என்ன என்று கேட்பார். அந்தக் கேள்விதான் நமக்கு இருக்கும் காவல். கூடத்தைப் பொதுவாக்கும்போது கேள்வி கேட்கும் உரிமை போய்விடுகிறது. தடுப்பின் கீழ் இடைவெளியில் கைப்பேசியை நீட்டுபவனுக்கும் இது பொருந்தும். அவன் பக்கத்துத் தடுப்பறைக்குள் போவதை யாரும் தடுக்க முடியாது.

இனி வரிசை பற்றி. உங்கள் நிர்வாகம் சொன்னதில் உண்மை உள்ள பகுதி இதுதான். ஆண், பெண் இருவருக்கும் சமமான பரப்பை ஒதுக்கினால் அது சமம் ஆகாது. யூரினலுக்குக் குறைந்த இடம் போதும் என்பதால் அதே பரப்பில் ஆண்களுக்குக் கூடுதல் பேர் பயன்படுத்தும் வசதி கிடைத்துவிடுகிறது, பெண்களுக்கோ உடை, மாதவிடாய், கர்ப்பம், கையில் குழந்தை என்று ஆளுக்கு ஆகும் நேரமும் அதிகம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைக் கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டார்கள். நெரிசலான இடத்தில் பெண்கள் சராசரியாக 6 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கையில் ஆண்கள் சில நொடிகளே காத்திருந்தார்கள். தடுப்பறைகளை எல்லோருக்கும் பொதுவாக்கி, யூரினல்களையும் வைத்தபோது பெண்களின் காத்திருப்பு ஒன்றரை நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வருவது நிமிடம் மட்டும்தான். நனைந்த இருக்கையும், நீங்கள் குடிக்காமல் விட்ட தண்ணீரும், வரிசையிலேயே வந்து நிற்காமல் ஒதுங்கிப்போன பெண்களும் எந்தக் கணினி மாதிரியிலும் வருவதில்லை.

கணக்கைத் தவறாகச் செயல்படுத்தினால் நிமிடமும் மிஞ்சாது. லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கம், பெண்கள் கழிப்பறைகளை இரட்டிப்பாக்கப் போவதாகச் சொல்லி ரசிகர்களிடம் நன்கொடை திரட்டியது. 2019இல் திறந்தபோது ஆண், பெண் என்ற பலகைகள் இல்லை, ‘யூரினல் உள்ளவை’, ‘தடுப்பறை உள்ளவை’ என்று மட்டும் எழுதியிருந்தது. பெண்களுக்கு யூரினலால் பயனில்லை. ஆண்கள் இரண்டையும் பயன்படுத்தலாம். உங்கள் அலுவலகத்திலும் நடந்திருப்பது இதுவேதான். ஆறு தடுப்பறைகளும் இருபாலருக்கும் பொது, யூரினல்கள் ஆண்களுக்கு மட்டும். சமத்துவம் என்ற பெயரில் ஆண்களுக்கு இரண்டு வழி, பெண்களுக்கு ஒரு வழி, அந்த ஒரு வழியிலும் ஆண்களோடு பங்கு.

வரிசையைக் குறைக்க நேரான வழி பெண்களுக்குக் கூடுதல் இடம் தருவது. நியூயார்க் நகரம் 2005இல் சட்டம் இயற்றி, புதிதாகக் கட்டும் அரங்குகள், மதுக்கூடங்கள், விளையாட்டரங்குகள் போன்றவற்றில் பெண்களுக்கு இரண்டு என்றால் ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கட்டாயமாக்கியது. சீனாவும் 2016இல் பொதுக் கழிப்பறைகளுக்கான தன் தர அளவுகளில் பெண்களுக்கு அதிக இடம் என்று மாற்றியது. செலவு ஆகும்தான். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் பலகையை மட்டும் மாற்றுகிறார்கள்.

டோக்கியோவில் 2023 ஏப்ரலில் திறந்த கபுகிச்சோ டவர் என்ற பெரும் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில், எல்லாப் பாலினத்தவருக்கும் பொதுவான கழிப்பறையை நல்லெண்ணத்தோடுதான் அமைத்தார்கள். இரவுக் கேளிக்கைகளுக்குப் பேர்போன பகுதி அது. அச்சமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். முதலில் காவலாளிகளை நிறுத்தினார்கள், மறைப்புகள் வைத்தார்கள், நான்கு மாதத்துக்குள் ஆண், பெண் என்று பிரித்துவிட்டார்கள். கழிப்பறைக்குக் காவலாளி தேவைப்படுகிறார் என்றாலே வடிவமைப்பில் தவறு இருக்கிறது.

திருநங்கைகள் பற்றிய வாதத்தை நான் மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். ஆண்கள் பக்கம் போனால் சீண்டல், பெண்கள் பக்கம் போனால் முறைப்பு என்று நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருக்கும் வேதனை அவர்களுக்கும் உண்டு. அவர்களுக்கெனத் தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, மாற்றுப்பாலினத்தவர் ஆகிய நால்வருக்கும் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் கழிப்பறை வேண்டும் என்று மீண்டும் சொன்னது. முழுச் சுவரும் வாஷ்பேசினும் கொண்ட தனி அறைகள் ஒன்றிரண்டு இருந்தால் திருநங்கைக்கும் திருநம்பிக்கும் உதவும், தாயை அழைத்துவரும் மகனுக்கும், சிறு மகளோடு வரும் தகப்பனுக்கும் உதவும். அவற்றைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். பெண்களுடையதை எடுத்து அவர்களுக்குக் கொடுத்ததாகச் சொல்வது இருவரையும் ஏமாற்றுவது. கீழே இடைவெளி விட்ட தடுப்பறை ஒரு திருநங்கைக்கும் பாதுகாப்பு அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது இது. மற்றப் பெண் ஊழியர்களோடு சேர்ந்து எழுத்துமூலமாகக் கேளுங்கள். தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, கழிப்பிடம் ஆண், பெண், மாற்றுப்பாலினத்தவர் ஆகியோருக்குத் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பான பணிச்சூழலைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு, கடிதத்தின் நகலை, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உங்கள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவின் தலைவிக்கும் கொடுங்கள். கூடத்தின் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, நான்கு தடுப்பறைகளைத் தனி வாசலோடு பெண்களுக்கு ஒதுக்கக் கேளுங்கள். மீதி இரண்டில் ஒன்றைக் கூரைவரை அடைத்து, வாஷ்பேசின் வைத்து, நடைபாதையைப் பார்த்துக் கதவு திறக்கும் தனி அறையாக மாற்றச் சொல்லுங்கள். அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும். ஆண்களுக்கு யூரினல்களும் ஒரு தடுப்பறையும் இருக்கும். வேலை முடியும்வரை வேறு தளத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறையை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். உள்ளே கூடையும் கொக்கியும் வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு தனியாகக் கேட்டால் கிடைக்காது.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்தால் அவதிப்படப்போவது நீங்கள்தான்.

அன்புடன்.