வீட்டுக் கொம்பியூட்டருக்குள் களவாக ஆள் புகுந்திருந்தால் எப்படித் தெரியும், எப்படித் தடுப்பது?

கேட்டவர் சொல்வது: மௌஸ் சில நேரம் தானாக நகர்கிறதாம், தூரத்தில் இருந்து யாரோ தன் கொம்பியூட்டரைப் பாவிக்கிறார்களோ என்று பயமாம்.

மௌஸ் நகர்வதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெரும்பாலும் அடியில் தூசாக இருக்கும், லப்டொப் என்றால் டச்பேட்டில் கை பட்டிருக்கும். களவாகப் புகுந்தவன் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க மௌஸை ஆட்டிக் காட்ட மாட்டான். அவனுக்கு வேண்டியது நீங்கள் தட்டுகிற பாஸ்வேர்ட், குரோமில் சேமித்து வைத்திருக்கிற மற்ற பாஸ்வேர்ட்கள், சில வேளை கமரா. இவ்வளவும் திரையில் ஒரு அசைவும் இல்லாமல் நடக்கும்.

இந்த வகை நச்சு மென்பொருளை ராட் என்பார்கள், ரிமோட் அக்சஸ் ட்ரோஜன். 1998 இல் வந்த பாக் ஒரிஃபிஸ் என்ற ராட் 31337 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வருகிற ஒரு வாசலை, திறந்து வைத்துக்கொண்டு வெளியே இருந்து அழைப்பு வரும்வரை காத்திருக்கும், அதனால் பயர்வால் அதை இலகுவாக மறித்துவிடும். இப்போது உள்ளவை அப்படி இல்லை, உள்ளே இருந்து தாங்களே வெளியே அழைக்கின்றன, றூட்டருக்கு அது நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறந்த மாதிரித்தான், வழி விட்டுவிடும். இதைப் பாவிக்கப் பெரிய கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2014 இல் எஃப்பிஐ பிடித்த பிளாக்ஷேட்ஸ் என்ற ராட்டை 40 டொலருக்கு யாரும் வாங்கக்கூடியதாக இருந்தது, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கொம்பியூட்டர்களில் அது ஏறியிருந்தது.

ஆகவே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைவிட, எந்த வழியால் வருகிறது என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் என் அனுபவத்தில் கதவைத் திறந்து விடுவது அநேகமாகக் களவு மென்பொருள்தான். கடையில் விண்டோஸ், ஒஃபிஸ், போட்டோஷொப் எல்லாம் 'போட்டுத்' தருவார்கள், லைசன்ஸ் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவற்றை இயங்க வைக்கிற அக்டிவேட்டர் முதலில் கேட்பது விண்டோஸோடு வருகிற ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்து என்பதைத்தான். நல்ல அக்டிவேட்டரும் அதைத்தான் கேட்கும், ராட் ஒட்டிய அக்டிவேட்டரும் அதைத்தான் கேட்கும், இரண்டையும் பிரித்தறிய உங்களுக்கு வழியே இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி, கனடாவில் இருக்கிற மகனோடு வீடியோவில் கதைக்கவும் கோயில் ஒளிபரப்புப் பார்க்கவும் ஒரு கொம்பியூட்டர் வைத்திருக்கிறார். "தம்பி, டிஃபெண்டரில் பச்சை சரி அடையாளம் நிற்குதுதானே, பிறகென்ன" என்றார். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், அடிவரை இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல். டிஃபெண்டர் எதையெல்லாம் தொடக்கூடாது என்பது அதில் இருக்கும். மாமியுடையதில் ஒரே ஒரு வரி: சி டிரைவ். முழு டிரைவும்! பச்சை அடையாளம் அது பாட்டுக்கு வடிவாக நிற்கிறது. வேறு எதையும் பார்க்க நேரமில்லை என்றால் இந்தப் பட்டியலையாவது இன்றைக்குத் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத எது இருந்தாலும் அழியுங்கள்.

அடுத்தது எனிடெஸ்க், டீம்வியூவர், தூரத்தில் இருந்து கொம்பியூட்டரை இயக்க உதவுகிறவை. இவை வைரஸ் இல்லை, நேர்மையான மென்பொருள்கள். ஆனால் பிரிண்டர் திருத்தித் தந்த பெடியன் வேலை முடிந்தபின் அதை அப்படியே விட்டுப் போயிருந்தால், நிரந்தர பாஸ்வேர்டும் போட்டிருந்தால், நீங்கள் ஓம் என்று சொல்லாமலே அவர் எந்த நேரமும் உள்ளே வரலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அந்த பாஸ்வேர்ட் வேறு யாரிடம் போகும் என்று யாருக்குத் தெரியும்? வேலை முடிந்ததும் அன்இன்ஸ்டோல் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸ் புரோ என்றால் செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டொப் ஓஃப் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, சந்தேகம் உண்மையாகவே இருந்தால்? டிஃபெண்டர் ஒஃப்லைன் ஸ்கானை ஓட விடுங்கள், விண்டோஸ் முழுதாக எழும்ப முன்னரே தேடுவதால் ஒளிந்திருப்பவற்றுக்குத் தப்புவது கடினம், கால் மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். மைக்ரோசொஃப்டின் ஓட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி, கொம்பியூட்டர் எழும்பும்போது தானாக ஓடுகிற எல்லாவற்றையும் காட்டும். திறந்திருக்கிற இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் பலர் சிபாரிசு செய்வார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, குரோம் ஒன்றே ஒரு கூட்டம் இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும், புதிதாகப் பார்ப்பவர் பயந்துபோவதுதான் மிச்சம்.

ஸ்கானில் ராட் பிடிபட்டால் துப்புரவாக்கி வைத்திருக்கிற வேலை வேண்டாம். இன்டர்நெட்டைக் கழற்றுங்கள், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள், இன்னொரு நல்ல கொம்பியூட்டரில் மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்து விண்டோஸ் போடுகிற யூஎஸ்பி செய்து, டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்ட்களை வேறொரு கருவியில் இருந்து மாற்றுங்கள், அந்தக் கொம்பியூட்டரிலேயே மாற்றினால் புதியதும் அவனிடம்தான் போகும். ஜிமெயிலில் மற்ற எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேற்றி விடுங்கள், நீங்கள் லொகின் செய்திருப்பதை நினைவில் வைக்கிற குக்கீயைத் திருடியவனுக்கு பாஸ்வேர்டே தேவைப்படாது. வங்கிக்கும் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

புதிதாகப் போடும்போது அன்றாட வேலைக்கு அட்மின் இல்லாத ஒரு கணக்குத் திறவுங்கள். ராட்டை அது முழுதாகத் தடுக்காது, ஆனால் டிஃபெண்டரை அணைக்க அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். கோப்பின் கடைசி எழுத்துகள் தெரியும்படி வையுங்கள், பில் பிடிஎஃப் என்று வந்தது உண்மையில் எக்ஸ்ஈ, அதாவது ஓடுகிற புரோகிராம் என்றால் அப்போதுதான் கண்ணில் படும். ஸிப் கோப்புக்கு பாஸ்வேர்ட் போட்டு அதை அதே பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தால் தொடாதீர்கள், ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

விண்டோஸ் 10 க்கு வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. மெஷின் 11 ஐத் தாங்காது, புது லைசன்ஸ் வாங்கவும் காசில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், இலவசம், தமிழும் தட்டலாம், அக்டிவேட்டர் என்ற கரைச்சலே இல்லை. மாமியுடையதில் இப்போது அதுதான் ஓடுகிறது, எழுத்தைப் பெரிதாக்கித் தா என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.