ஜிசிசி தந்த தட்டை பைனரி ஏன் ஓடவில்லை?

சி மொழியில் எழுதி ஜிசிசி கம்பைலரில் தொகுத்த கெர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஆப்ஜ்காப்பி என்ற கோப்பு மாற்றும் கருவி மூலம் தட்டை பைனரியாக்கியதும், அதாவது தலைப்பகுதி இல்லாத வெறும் இயந்திரக் குறிமுறைக் கோப்பாக்கியதும், திரை வெறுமையாகிறது என்று காரைக்குடி நண்பர் கேட்டிருக்கிறார். தட்டையாக்கும் முன் இருந்த ஈஎல்எஃப் வடிவக் கோப்பின் தலைப்பகுதியில் தொடக்க முகவரி பதிவாகியிருக்கும். தட்டைக் கோப்பில் அது கிடையாது என்பதால், நம் செட்டிநாட்டு வீட்டில் முகப்பைக் கடந்தே வளவுக்குள் போவதைப் போல, கெர்னலை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் பூட்லோடர் பொதுவாக முதல் பைட்டுக்கே தாவுகிறது. கோப்பின் பைட்டுகளைப் பதினறும எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்பில் பாருங்கள்: முதல் பைட் 55 (எக்ஸ்86 செயலியில் செயற்கூறுகள் வழக்கமாகத் தொடங்கும் கட்டளை) என்றால், பெரும்பாலும் ஏதோவொரு சி செயற்கூறு அங்கே முந்திக்கொண்டிருக்கிறது. முதன்மைச் செயற்கூறை அழைக்கும் சிறு அசெம்பிளித் துண்டை லிங்கர் ஸ்கிரிப்டில் (எந்தப் பகுதி எங்கே அமைய வேண்டும் என்று லிங்கருக்குச் சொல்லும் கோப்பு) முதலாவதாக வைத்து, பூட்லோடர் கெர்னலை ஏற்றும் அதே முகவரியை அங்கும் குறிப்பிடுங்கள். பலரும் தவறவிடுவது பிஎஸ்எஸ் பகுதியைத்தான்: தொடக்க மதிப்பில்லாத மாறிகளுக்குரிய அந்த இடம் கோப்பில் வராது, அந்த நினைவகத்தை அசெம்பிளித் துண்டே பூச்சியமாக்க வேண்டும்.