பித்தப்பை நீக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பித்தப்பையை எடுத்துவிட்டால் செரிமானம் கெடாதா? (மன்னார்குடி)

கெடாது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்; பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. பை போனபின் பித்தநீர் நேரே சிறுகுடலுக்குச் செல்லும். முதல் சில வாரங்கள் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

எனக்குக் கல் இருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா? (கும்பகோணம்)

கல் சிறுநீரகத்திலா, பித்தப்பையிலா? வலி உண்டா, இல்லையா? ஸ்கேன் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது? இவற்றில் ஒன்றையும் எழுதாமல் பதில் கேட்பது முறையல்ல. பித்தப்பைக் கல்லாக இருந்து, எந்தத் தொந்தரவும் தராவிட்டால் பெரும்பாலோருக்கு அறுவை தேவையில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமா? (திருவையாறு)

பித்தப்பைக் கல்லைக் கரைக்காது.

லேப்ராஸ்கோப்பி முடிந்து நான்கு நாளாகிறது. வயிற்றைவிட வலது தோள் வலிக்கிறது. (பாபநாசம்)

லேப்ராஸ்கோப்பி எனும் துளை வழி அறுவையில் வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. எழுந்து நடமாடினால் சில நாளில் அடங்கும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

அப்பாவுக்குக் கண் மஞ்சளாகிப் பத்து நாளாயிற்று. கீழாநெல்லி கொடுத்து வருகிறோம். ஸ்கேனில் பித்தநாளத்தில் கல் என்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா? (திருவாரூர்)

பார்க்கக் கூடாது. இந்தப் பகுதியில் மஞ்சள்காமாலை என்றதும் கீழாநெல்லிதான் என்று முடிவுகட்டிவிடும் வழக்கம் எத்தனை பேரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. வைரஸால் வரும் காமாலை பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். அந்தப் பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. ஆனால் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தநாளத்தைக் கல் அடைத்துக்கொண்டதால் வந்த காமாலைக்கு அடைப்பு விலகினாலன்றித் தீர்வில்லை. மலம் வெளிறிக் களிமண் நிறத்தில் போவதும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்குவதும், உள்ளங்கை உள்ளங்கால் எல்லாம் அரித்து இரவெல்லாம் சொறிந்து தோலில் கீறல் விழுவதும் அடைப்பின் அடையாளங்கள். தேங்கிய பித்தநீரில் கிருமி புகுந்து, போர்வை போர்த்தியும் நிற்காத நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால், ஓரிரு நாளிலேயே இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். முதலில் இ.ஆர்.சி.பி. என்னும் உள்நோக்கி முறையில் வாய்வழியே குழாய் செலுத்திக் கல்லை எடுப்பார்கள். பிறகு பித்தப்பையை நீக்குவார்கள். அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கு இன்றே அழைத்துச் செல்லுங்கள். கொடுத்த சாற்றையும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சம்பா நடவுக்குள் வயலில் இறங்கலாமா? (திருத்துறைப்பூண்டி)

துளை வழி அறுவை என்றால் ஓரிரு வாரத்தில் வரப்பில் நடந்து மேற்பார்வை பார்க்கலாம். காயம் முழுதும் ஆறும்வரை சேற்றுநீரில் இறங்க வேண்டாம். நாற்றுமுடி, நெல் மூட்டை சுமப்பதற்கு ஒன்றரை மாதம் போகட்டும். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் இரண்டு மாதம். உழைப்பாளி என்பதற்காகத் தையல் விரைவில் இறுகிவிடாது.

பையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுக்கக் கூடாதா? (நாகப்பட்டினம்)

கல் பிறந்த பை உள்ளேயே இருந்தால் மீண்டும் கல் பிறக்க வாய்ப்பு அதிகம்.

எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பக் கட்டணம் கேட்கிறார்கள். வீண் செலவா? (மயிலாடுதுறை)

இல்லை. அரிதாகச் சிலருக்குப் புற்றுநோய் அந்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது. முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தையல் பிரிக்கப் போகும்போது கேட்டு வாங்கி, ஸ்கேன் அறிக்கைகளோடு சேர்த்து வையுங்கள்.