கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? எப்போது இழுக்கிறது என்று கவனியுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் ஒரே புகார் பல வடிவங்களில் இருந்ததால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அலைன்மென்ட் மிஷின் சக்கரங்களின் கோணத்தை மட்டும்தான் அளக்கும். டயர் உள்ளே கோணலாக இருக்கிறதா, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

புது கார் வாங்கி மூன்று மாதம். ஸ்டியரிங்கை லேசாக விட்டால் மெல்ல இடது பக்கம் போகிறது. சர்வீஸ் சென்டரில் "இது நார்மல்தான் சார்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

அநேகமாக இல்லை. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கிச் சரித்துத்தான் போடுகிறார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் அந்தச் சரிவு வண்டியையும் இடது பக்கமே இறக்கும். நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலையிலும் பெரும்பாலும் இதே கதைதான். சமதளமான, ஆளில்லாத பெரிய மைதானம் கிடைத்தால் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். போகும்போது இடது, திரும்பி வரும்போது வலது என்று மாறினால் குறை தரையில்தான். இரண்டு முறையும் இடது பக்கமே போனால் வண்டியைப் பார்க்கச் சொல்லலாம். சரிவை மீறி வலது பக்கம் இழுக்கும் கார் என்றால் நான் மைதானத்துக்குக்கூடப் போக மாட்டேன், நேராகப் பட்டறைதான்.

முன் டயர் இரண்டையும் மாற்றினேன். அன்றிலிருந்து வலது பக்கம் இழுக்கிறது. இரண்டு கடையில் அலைன்மென்ட் செய்தாயிற்று. எல்லாம் பச்சையில் (சரியான அளவுக்குள்) இருக்கிறது என்கிறார்கள்.

டயர் மாற்றிய அன்றே தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு இரண்டாவது அலைன்மென்ட்?

முதலில் காற்று. டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவின் பக்கம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கு இரண்டு முன் டயரிலும் ஒரே கேஜால் அளந்து வையுங்கள். நான்கைந்து பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் கேஜ் மாறும் என்பதால் ஒரே கேஜ் என்கிறேன்.

காற்று சரியாக இருந்தும் இழுத்தால், டயரின் உள்ளமைப்பைச் சந்தேகப்பட வேண்டும். ரேடியல் டயர் தயாராகும்போது அதன் உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒருபுறம் நகர்ந்துவிட்டால், காற்று அடித்ததும் டயர் கண்ணுக்குத் தெரியாத கூம்பு வடிவத்துக்கு வந்துவிடும். காகித டீ கப்பைத் தரையில் உருட்டினால் நேராகப் போகாமல் வட்டமடிக்கும் அல்லவா, அதே வேலையை இந்த டயரும் செய்யும். வெளியே பார்த்தால் பளபளவென்று புது டயர், மிஷினிலும் எல்லாம் பச்சை.

கண்டுபிடிக்கக் காசு வேண்டாம், ஜாக்கி போதும். முன் சக்கரங்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். இழுப்பு இடது பக்கம் மாறினால் டயர்தான் என்று உறுதி. இழுப்பு அடியோடு நின்றுவிட்டாலும் டயர்தான். மாற்றமே இல்லை என்றால் டயரை விட்டுவிடலாம். டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் இடம் வலமாக மாற்றாதீர்கள். அதே பக்கத்தில் முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் போட்டுப் பாருங்கள். டயர்தான் என்று தெரிந்ததும் பில்லோடு கடைக்குப் போய் வாரண்டியில் கேளுங்கள்.

சாதாரணமாக நேராகத்தான் போகிறது. பிரேக் அழுத்தினால் மட்டும் வலது பக்கம் வெட்டுகிறது. வலது முன் பிரேக்கில் பேட் மாற்றியும் பயனில்லை.

பக்கம் மாறிப் பார்த்துவிட்டார்கள். பிரேக் போட்டதும் வலது பக்கம் வெட்டுகிறது என்றால் வலது பிரேக் தன் வேலையைச் செய்கிறது, இடதுதான் பிடிக்கவில்லை. இடது காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்றி, அது முன்பின் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா, பிஸ்டன் வெளியே வருகிறதா, பேடில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் அதுவே ஒரு காரணமாகிவிடும். பிரேக் போடும்போது அடியில் 'டொக்' என்று சத்தமும் வந்தால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர்) போயிருக்கலாம். இது தள்ளிப்போடும் வேலை இல்லை. மழையில் இப்படி ஒரு வண்டியை ஓட்ட வேண்டாம்.

காலையில் கிளம்பும்போது ஒன்றுமில்லை. இருபது கிலோமீட்டர் போனதும் இடது பக்கம் இழுக்க ஆரம்பிக்கிறது. மைலேஜும் குறைந்துவிட்டது.

இடது முன் பிரேக், மிதியை விட்ட பிறகும் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியதும் அந்தச் சக்கரத்தின் அருகே போங்கள். கருகிய வாடையும் மற்ற சக்கரத்தைவிட அதிகச் சூடும் தெரியும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். சூடாக இருக்கும்போதே மெக்கானிக்கிடம் காட்டி, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சுற்ற மறுத்தால் காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (பிரேக் எண்ணெயை வெளியே விடும் சின்னத் திருகு) லேசாகத் திறக்கட்டும். உடனே சக்கரம் விடுபட்டால் பெரும்பாலும் பிரேக் ஓஸ் (எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) உள்ளே வீங்கி, போன எண்ணெயைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கிறது. திறந்தும் விடுபடவில்லை என்றால் காலிப்பரே இறுகியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் காலிப்பரை மாற்றிவிட்டு, பழைய ஓஸையே மாட்டி அனுப்பும் பட்டறைகள் உண்டு.

பெரிய பள்ளத்தில் விழுந்ததிலிருந்து இழுக்கிறது. அலைன்மென்ட் தாளில் ஒரு பக்கம் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) சிவப்பில் வருகிறது. ஜாக்கி வைத்து வளைத்துச் சரிசெய்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

நான் செய்ய மாட்டேன். நம் ஊர் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மாற்றியமைக்க முடிவது டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) ஒன்றுதான். கேம்பரையும் காஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) திருப்பி வைக்க கம்பெனி எந்த போல்ட்டும் வைக்கவில்லை. அந்த அளவு மாறியிருக்கிறது என்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், நக்கிள், சப்ஃப்ரேம் என்று சக்கரத்தைத் தாங்கும் பாகங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். எது வளைந்தது என்று தெரியாமல் நன்றாக இருக்கும் ஸ்ட்ரட்டையும் சேர்த்து வளைத்தால் தாளில் பச்சை வந்துவிடும், உடைந்த பாகம் உள்ளே அப்படியே இருக்கும்.

தாளை நீங்களே படிக்கலாம். இடது வலது கேம்பருக்கு இடையே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், எண் அதிகமாக, அதாவது பிளஸ் பக்கம் கூடுதலாக இருக்கும் பக்கம் இழுக்கும். காஸ்டரில் இதற்கு நேர்மாறு: எண் குறைந்த பக்கம் இழுக்கும். டோ மாறினால் டயர்தான் சீக்கிரம் தேயும். முன்சக்கர டோ மட்டும் வண்டியை ஒரு பக்கமாக இழுப்பது அபூர்வம். "டோ வைத்தாச்சு சார், இழுக்காது" என்று சொல்லி அனுப்புவது அதனால்தான் பலிப்பதில்லை. ரிம் வளைந்திருக்கிறதா, டயரின் பக்கச்சுவரில் வீக்கம் இருக்கிறதா என்றும் கையோடு பாருங்கள். வீக்கம் இருந்தால் ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு டயர் கடைக்குப் போங்கள்.

டீசல் கார். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறது.

முன்சக்கர இழுவை உள்ள, டர்போ பலம் கூடிய கார்களில் கொஞ்சம் இருக்கும். இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் (சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள்) ஒரே நீளமாக இல்லாதது ஒரு முக்கியக் காரணம். முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தாலோ, அழுத்தினால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று போனாலோ புஷ்களையும் எஞ்சின் மவுண்ட்டையும் பாருங்கள்.

வண்டி நேராகத்தான் போகிறது, ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கிறது. கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக்.

வேண்டாம். டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பிச் சரிசெய்கிற வேலை அது. ஸ்டியரிங்கைக் கழற்றினால் ஏர்பேக் வயரில் கை வைக்க வேண்டியிருக்கும். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் உள்ள காரில் வேலை முடிந்ததும் ஸ்கேனர் போட்டு ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாருக்கு நடுநிலையைப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். சில கார்களில் அதைச் செய்யாமல் விட்டால், மோட்டாரே தவறான இடத்தை நேர் என்று நினைத்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தள்ளும். அப்போது அடுத்த மாதம் நீங்களும் "இழுக்கிறது" என்றுதான் எழுதுவீர்கள்.