பார்க் டிக்கெட் போச்சு, கட்டணம் ஏறிப்போச்சு: ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்பை வைத்துக்கொள்வதா, விடுவதா?

வாசகர் கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மூத்த பெண் கல்லூரியிலும், சின்னவள் பிளஸ் ஒன்னிலும் படிக்கிறார்கள். 12 வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹாலிடே கிளப்பில் 3,20,000 ரூபாய் கட்டி 25 வருஷ மெம்பர்ஷிப் எடுத்தோம். வருஷத்துக்கு 7 இரவு. குடும்பத்துக்கு வருஷா வருஷம் 4 தீம் பார்க் டிக்கெட் இலவசம் என்றார்கள், பிள்ளைகளுக்காக அதில்தான் விழுந்தோம். 4 டிக்கெட் 2 ஆகி, இப்போது ‘10 சதவீதத் தள்ளுபடி’ என்று நிற்கிறது. இலவச டிபனும் போய்விட்டது. ஆண்டுக் கட்டணம் மட்டும் 9,000-ல் தொடங்கி, ஜி.எஸ்.டி. சேர்த்து 21,500 ஆகிவிட்டது. கடைசி 3 வருஷத்தில் 2, 5, 3 இரவுதான் தங்கியிருக்கிறோம். 9 இரவு பாக்கி இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு கிளப்பில் இடம் கிடைக்காமல் ஏற்காட்டில் சொந்தக் காசில் காட்டேஜ் எடுத்தோம், இரவுக்கு 4,300 ஆனது. இன்னும் 1,80,000 கட்டினால், இரவுக் கணக்குக்குப் பதில் பாயின்ட்டைக் கொடுத்து அறை எடுக்கிற பாயின்ட் திட்டத்துக்கு மாற்றி எல்லாச் சலுகையும் திரும்பத் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா? விட்டுவிட்டால் போட்ட பணம் வீணாகிவிடுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்:

முதல் வேலையாக, அந்த 1,80,000-ஐக் கட்டாதீர்கள். இந்த வாரமே மறுபடி போன் வரும். ‘இன்று மாலைக்குள் கட்டினால் இந்த விலை’ என்பார்கள். ‘எதுவாக இருந்தாலும் ஈமெயிலில் அனுப்புங்கள்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் மனசு அடித்துக்கொள்கிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். 3,20,000 போய்விட்டது. மெம்பர்ஷிப்பை வைத்திருந்தாலும் அது திரும்பாது, விட்டாலும் திரும்பாது. பட்டறையில் ஒரு புது ஆர்டர் எடுக்கும்போது, போன தீபாவளிக்கு வெள்ளி என்ன விலைக்கு வாங்கினோம் என்றா கணக்குப் போடுவீர்கள்? இன்றைய ரேட், இன்றைய கூலி, இன்றைய சேதாரம், அவ்வளவுதானே. இதையும் அப்படியே பாருங்கள். இந்த வருஷம் கையிலிருந்து போகப்போகிற 21,500-க்கு என்ன வருகிறது?

உங்கள் கணக்கை உங்கள் எண்களை வைத்தே போட்டேன். கட்டணம் 12 வருஷத்தில் 9,000-லிருந்து 21,500 ஆனது என்றால் வருஷத்துக்குச் சுமார் 7.5 சதவீதம் ஏறியிருக்கிறது. அதன்படி இதுவரை கட்டிய கடைசி 3 வருஷக் கட்டணம் ஏறக்குறைய 17,300, 18,600, 20,000. மொத்தம் 55,900 ரூபாய். தங்கியது 10 இரவு. ஆக ஓர் இரவுக்கு 5,590 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அதே நீங்கள், அதே 4 பேரோடு, பொங்கல் கூட்டத்திலேயே 4,300-க்குக் காட்டேஜ் எடுத்திருக்கிறீர்கள். அந்த 10 இரவையும் வெளியில் எடுத்திருந்தால் 43,000-தான் ஆகியிருக்கும். தொடக்கத்தில் கட்டிய 3,20,000-ஐ நான் இதில் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

21,500-ஐ 4,300-ஆல் வகுத்தால் 5. வருஷத்துக்கு 5 இரவுக்கு மேல் தங்கினால் லாபம், குறைந்தால் நஷ்டம். 7 இரவையும் விடாமல் பயன்படுத்துகிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 8,600 ரூபாய் மிச்சமாகும், அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் சராசரியாகத் தங்குவது மூன்று இரவுக்குக் கொஞ்சம் மேல்தான். இதில் ரிசார்ட்டுக்குள் சாப்பிடுகிற செலவு வேறு. ஊருக்கு வெளியே, பக்கத்தில் ஒரு மெஸ்கூட இல்லாத இடத்தில் 4 பேர் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டால் என்ன பில் வரும் என்று உங்களுக்கே தெரியும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான்.

வரியையும் பாருங்கள். உங்கள் ஆண்டுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 21,500-ல் ஏறக்குறைய 3,280 ரூபாய் வரியாகவே போகிறது. வெளியில் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு முன்பு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். ஆக, வெளியே எடுக்கிற அறையும் கிளப் அறையும் வரியில் முன்னைவிட இன்னும் தள்ளிப்போய்விட்டன.

இனி 13 கட்டணம் பாக்கி. இதே வேகத்தில் ஏறினால் கடைசி வருஷம் 51,000-ஐத் தாண்டும், மொத்தம் கிட்டத்தட்ட 4,47,000. நீங்கள் முதலில் கட்டியதைவிட அதிகம். ஹோட்டல் வாடகையும் ஏறத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். ஏறும். ஆனால் தங்காத வருஷம் ஹோட்டல்காரர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். பெரியவளுக்குக் கல்யாணம், சின்னவளுக்கு காலேஜ் சேர்க்கை என்று இனி வரப்போகிற வருஷங்களில் தங்காத வருஷங்கள்தான் அதிகமாக இருக்கும்.

இப்போது சலுகை விஷயம். உங்களைப் போலவே பலரும் ஏமாந்துபோனதாக எழுதுகிறார்கள், அந்த வருத்தம் நியாயமானது. வருஷத்துக்கு இத்தனை இரவு தங்கலாம் என்ற உரிமையை விற்கிற இந்த மாதிரித் திட்டத்துக்கு டைம்ஷேர் என்று பெயர். டைம்ஷேர் மெம்பர்ஷிப்பில் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிற தங்கும் உரிமை: எத்தனை இரவு, எந்த அளவு அறை, எந்த சீசன், எத்தனை வருஷம். இன்னொன்று, ஒப்பந்தத்துக்கு மேலே தூவப்படுகிற டிக்கெட், டிபன், தள்ளுபடி. விற்கும்போது இரண்டாவதைக் காட்டி விற்பார்கள். சட்டம் பிடித்துக்கொள்வதோ முதலாவதை.

உலகத்திலேயே பேர்பெற்ற தீம் பார்க் டைம்ஷேர் டிஸ்னியுடையது. டிஸ்னி வெக்கேஷன் கிளப் என்று 1991-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தொடங்கினார்கள். அங்கேயும் இந்தக் கதைதான். வேறு உறுப்பினரிடமிருந்து பங்கைக் கைமாற்றி வாங்குகிறவர்கள், அதில் வரும் பாயின்ட்டை டிஸ்னி கப்பல் பயணத்துக்குப் பயன்படுத்த முடியாது என்று 2011 மார்ச்சில் நிறுத்தினார்கள். 2016 ஏப்ரலிலிருந்து அப்படி வாங்குபவர்களுக்கு உறுப்பினர் தள்ளுபடிகளும் கிடையாது. 2019 ஜனவரியிலிருந்து பழைய ரிசார்ட்டின் பாயின்ட்டைக் கைமாற்றி வாங்கினால் புதிய ரிசார்ட்டுகளில் தங்க முடியாது. டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிற எல்லோருக்கும் விமான நிலையத்திலிருந்து இலவசமாக ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸும் 2022 தொடக்கத்தோடு நின்றது. ஆனால் எதில் கை வைக்கவில்லை தெரியுமா? ஒருவர் எந்த ரிசார்ட்டில் பங்கு வாங்கினாரோ அங்கே 11 மாதம் முன்பே அறை பிடிக்கிற முன்னுரிமை அப்படியே இருக்கிறது. மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதம் முன்பு. அறைக்காக வாங்கியவர் இன்றும் நிம்மதியாகப் போய்வருகிறார். சலுகைக்காக வாங்கியவருக்குத்தான் மனக்கசப்பு.

அங்கே ஒரு வசதி உண்டு. டிஸ்னி பங்கு சொத்துப் பத்திரம்போலப் பதிவாகிறது, அதனால் கைமாற்றிவிட ஒரு சந்தை இருக்கிறது. ஃப்ளோரிடா சட்டப்படி வாங்கிய 10 நாளுக்குள் ரத்தும் செய்யலாம். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே இல்லை. நம்மூர் மெம்பர்ஷிப் பெரும்பாலும் தங்குகிற உரிமை மட்டுமே, நிலத்திலோ கட்டடத்திலோ உங்களுக்குப் பங்கு கிடையாது. ‘சொத்து மாதிரி, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

ஆகவே பீரோவைத் திறந்து அசல் ஒப்பந்தத்தை எடுங்கள். வண்ணப் புத்தகம் வேண்டாம், வரவேற்புக் கடிதம் வேண்டாம், முத்திரை வைத்த ஒப்பந்தம். 4 டிக்கெட் என்று எண்ணோடு, 25 வருஷத்துக்கு என்று காலத்தோடு எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ‘நிறுவனத்தின் விருப்பப்படி மாற்றப்படலாம் அல்லது நிறுத்தப்படலாம்’ என்ற வரி இருந்தால், டிக்கெட்டுக்காகப் போராடுவது கடினம்.

அந்த 1,80,000-க்கு மறுபடி வருகிறேன். திரும்பத் தருவதாகச் சொல்கிற சலுகைகள், ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துப் பறித்தவை. இரண்டாவது முறை பறிக்கமாட்டார்கள் என்று எந்த வரியில் எழுதித் தருகிறார்கள்? இப்படி மாற்றும்போது பழைய ஒப்பந்தம் முடிந்து புதிய ஒப்பந்தம் தொடங்கும். பழையதன் மேல் உங்களுக்கிருந்த கோரிக்கையும் அதோடு போகலாம், கட்டணம் கட்டவேண்டிய வருஷங்களும் கூடலாம். அந்தப் பணத்தை வங்கியில் 6.5 சதவீதத்துக்குப் போட்டால்கூட வருஷத்துக்கு 11,700 ரூபாய் வட்டி. அந்த வட்டியில் 4 பேரும் பார்க்குக்கு டிக்கெட் எடுத்துப் போய்வரலாம், முதல் அப்படியே இருக்கும்.

யாருக்குத்தான் இந்த மெம்பர்ஷிப் பொருந்தும்? நாலைந்து மாதம் முன்பே நாள் குறித்து அறை பிடிக்கிறவர்களுக்கு, உச்ச சீசன் உரிமை வாங்கியவர்களுக்கு, வருஷம் தவறாமல் வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு. உங்கள் வீட்டில் ஆசிரியையும் மாணவிகளும் இருக்கிறார்கள். விடுமுறை என்றால் மே மாதமும், காலாண்டு, அரையாண்டுத் தேர்வு முடிகிற நாட்களும்தான். அந்த நாட்களில் எல்லா உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கு இடம் கிடைப்பதில்லை. சரி, நாள் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்காவது லாபமா என்றால், கூட்டமில்லாத வார நாட்களில் அவர்களுக்கு வெளியிலேயே அறை மலிவாகக் கிடைத்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் லாபம் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதுவும் நாம் சேலத்துக்காரர்கள். 30 கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. காலையில் பஸ் ஏறி, ஏரியில் படகு விட்டு, பகோடா பாயின்ட் பார்த்து, சேர்வராயன் கோயில் வரை போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மே மாதக் கோடை விழாவை விட்டுத்தள்ளுங்கள். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்த பிறகு காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிற அந்தச் சில நாட்கள் இருக்கிறதே, அதற்கு ஒரு மெம்பர்ஷிப்பும் வேண்டாம்.

என் தீர்ப்பு: வெளியே வாருங்கள். ஆனால் கட்டணத்தைக் கட்டாமல் சும்மா விட்டுவிட்டு அல்ல. என் சித்தப்பா ஒரு கிளப்பில் அப்படித்தான் விட்டார். அவர் காலமான பிறகு, நிலுவையும் அதன்மேல் வட்டியும் சேர்ந்த நோட்டீஸ் சித்தி கைக்கு வந்தது. அந்தத் துக்க வீட்டில் அதை நான்தான் பிரித்துப் படித்தேன்.

அடுத்த கட்டணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, மெம்பர்ஷிப்பை ஒப்படைப்பதாகக் கடிதம் எழுதுங்கள். மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: ஒப்பந்தப்படி திரும்பத் தரவேண்டிய தொகை ஏதும் உண்டா, இல்லாவிட்டால் உறவினர் பெயருக்கு மாற்ற என்ன கட்டணம், ஒப்படைத்த பிறகு எந்த நிலுவையும் இல்லை என்ற சான்று எப்போது தருவீர்கள். ஈமெயிலிலும் அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வங்கியில் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், கடிதம் போன பிறகு அதை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதிக்கொடுங்கள்.

பதில் வராவிட்டாலோ, ஒப்பந்தத்தில் எழுதிய டிக்கெட்டை மறுத்தாலோ, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு ஊர் நீதிமன்றம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்க வழிசெய்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் சலுகை நின்ற நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும், அதில் அசட்டையாக இருக்காதீர்கள். ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது, அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்பதானால் அது மாவட்டத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

கடிதம் போட்ட பிறகோ, அதற்கு முன்போகூட, ‘உங்கள் மெம்பர்ஷிப்பை 5 லட்சத்துக்கு வாங்க ஆள் தயார், பதிவுக் கட்டணமாக 30,000 மட்டும் முதலில் அனுப்புங்கள்’ என்று யாராவது கூப்பிடலாம். உங்கள் உறுப்பினர் எண்ணையும் சரியாகச் சொல்வார்கள். வாங்குகிறவன் பணம் தருவான், கேட்க மாட்டான். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், தெரியாமல் அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பாக்கியுள்ள 9 இரவையும் விட்டுவிடாதீர்கள், அதற்கான காசு ஏற்கெனவே போய்விட்டது. இன்று ராத்திரியே நாட்காட்டியை எடுத்துவைத்து, அரையாண்டு விடுமுறைக்குச் சேலத்திலிருந்து தொலைவான ஓர் ஊராகப் பார்த்து இடம் கேளுங்கள். அறை உறுதியாகி, தங்கி முடித்த பிறகு ஒப்படைப்புக் கடிதம் போகட்டும்.