மார்ச், ஏப்ரலில் ரொறன்ரோ வானிலை அறிவிப்பு ஏன் அடிக்கடி பிழைக்கிறது?

செல்பேசி 15 பாகை காட்டுகிறது, ஸ்காபரோ ஏரிக்கரையில் விரல் விறைக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் ஒன்ராறியோ ஏரிதான் காரணம். ஏப்ரல் வெயிலில் நிலம் சட்டென்று சூடாகிவிடும். ஏரி நீரோ உறைநிலைக்குச் சில பாகை மேலேயே கிடக்கும். நிலத்தின் சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப ஏரியின் குளிர்காற்று உள்ளே புகும். ஸ்காபரோ ஏரிக்கரையிலுள்ள புளஃப்ஸ் பூங்காவில் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு நிற்பீர்கள். அதே நேரம் ஏரியை விட்டு வடக்கே தள்ளியிருக்கும் மார்க்கம் நகரில் ஆட்கள் ரீசேர்ட்டோடு நடப்பார்கள். பல செயலிகள் 'ரொறன்ரோ' என்று காட்டும் வெப்பநிலை பியர்சன் விமான நிலையத்தில் அளந்தது. அது இருப்பதோ மிசிசாகாவில், ஏரியை விட்டுத் தள்ளி. அறிவிப்பில் 'ஏரியோரம் குளிராக இருக்கும்' என்று ஒரு துணுக்கு வரும். கரையோரம் இருப்பவர்களுக்கு உண்மையான செய்தியே அதுதான்.

மழையா பனியா என்று சொல்வது இன்னும் கடினம். மேலே வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று இருந்தால் பனி உருகி மழைத்துளியாகும். தரையை ஒட்டிய காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால், அந்தத் துளி மரக்கிளையிலும் மின்கம்பியிலும் பட்டவுடன் கண்ணாடிபோல் உறையும். 2018 ஏப்ரல் நடுப்பகுதியில் வந்த பனிக்கட்டிப் புயலை இங்கே பலரும் மறக்கமாட்டார்கள். தரையோரக் காற்றில் ஒரு பாகை கூடினாலே அந்தத் துளி வெறும் மழையாகிவிடலாம்.

ஐந்து நாளுக்கு முன் பார்த்த எண்ணை விட்டுவிடுங்கள். புறப்படுமுன் ரேடாரையும் காற்றின் திசையையும் பாருங்கள். கிழக்கிலிருந்து, அதாவது ஏரிப் பக்கமிருந்து, காற்று வந்தால் தடித்த ஜாக்கெட்டையே போடுங்கள்.